கல்லும் நீரும் சொல்லும்: ஸ்பெயின் செல்வோர்க்கு ஒரு வழித்துணை

முன்னுரை

தமிழகத்தையும் ஸ்பெயின் நாட்டையும் தம் வாழ்நாளில் நேரிற்கண்ட பழம்பெரும் பயணி ஒருவர் உண்டு. மொராக்கோ நாட்டில் பிறந்த இப்னு பதூதாவே அவர். பதினான்காம் நூற்றாண்டின் முற்பாதி முடியும் தறுவாயில் அவர் மதுரையில் சுல்தான்களின் ஆட்சியைக் கண்டார். பின்னர்த் தாயகம் மீண்டு, 1350ஆம் ஆண்டளவில் கடல் கடந்து கிரனாடா நகருக்கும் சென்றார். ஆங்கு ஒரு தோட்டத்தில் அறிஞர் சிலர் கூடியிருக்க, அவர் தம் பயண அனுபவங்களை எடுத்துரைத்தார். கேட்டிருந்தோருள் இப்னு ஜுஸய் என்னும் இளைஞரும் ஒருவர். அவரே பின்னாளில் இப்னு பதூதா சொல்லச் சொல்ல அந்நெடும்பயணத்தை நூலாக எழுதி உலகிற்கு அளித்தார். கேட்பாரும் எழுதுவாரும் வாய்த்தமையால் ஒரு மனிதரின் அனுபவம் உலகின் சொத்தாயிற்று என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பன்முறை வலியுறுத்துகிறது. காட்சியில் மகிழ்வது ஒன்று. கண்டதிலிருந்து கற்பது மற்றொன்று. 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ எட்டரைக் கோடி வெளிநாட்டார் ஸ்பெயினுக்குச் சென்றனர். அவருள் பெரும்பாலோர் கடற்கரை நாடிச் சென்றவர்கள். பண்பாட்டை அறியும் வேட்கையோடு செல்பவர்க்கு அந்நாடு எதனைக் கற்பிக்கும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பண்பாட்டைக் கல், நீர், சொல் என்னும் மூன்று ஏடுகளில் படிக்கலாம். மூன்றையும் சேர்த்துப் படிப்பவரே அந்நாட்டை அறிந்தவராவர்.

வரலாற்றுச் சுருக்கம்

கி.பி. 711இல் தாரிக் இப்னு ஸியாத் ஜலசந்தியைக் கடந்து இறங்கினார். அவர் இறங்கிய மலை 'ஜபல் தாரிக்' எனப்பட்டது. இன்றைய ஜிப்ரால்டர் என்னும் பெயர் அதன் மரூஉவே. டமாஸ்கஸில் உமையா மரபினர் வீழ்த்தப்பட்டபோது உயிர்தப்பி வந்த அப்துர் ரஹ்மான், 756இல் கொர்தோபாவைத் தலைநகராகக் கொண்டு தனியாட்சி நிறுவினார். அவர் வழிவந்த மூன்றாம் அப்துர் ரஹ்மான் 929இல் தம்மைக் கலீபாவாக அறிவித்தார். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்நாட்டுப் போரால் அவ்வாட்சி சிதறிச் சிற்றரசுகளாயிற்று. வடக்கிலிருந்து கிறித்தவ அரசர்கள் படிப்படியாகத் தெற்கு நோக்கி வந்தனர். தொலேதோ 1085இலும், கொர்தோபா 1236இலும், வலென்சியா 1238இலும், செவில் 1248இலும் அவர்கள் வசமாயின. எஞ்சியிருந்த கிரனாடா 1492 ஜனவரி 2ஆம் நாள் வீழ்ந்தது. ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் யூதர்களும் அம்மண்ணில் அடுத்தடுத்து வாழ்ந்தனர். சில காலம் நட்போடும், சில காலம் பகையோடும். அவ்வாழ்வின் தடங்களைத் தேடி இனி நகர் நகராகச் செல்வோம்.

தொலேதோ: மொழிபெயர்ப்பாளர் நகரம்

தலைநகர் மத்ரீதிலிருந்து விரைவு இரயிலில் அரைமணி நேரத்தில் அடையத்தக்க நகரம் தொலேதோ. தாகோ ஆறு மும்முகமாய்ச் சூழ்ந்தோடும் குன்றின்மேல் அது அமைந்துள்ளது. 999ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட சிறிய பள்ளிவாசல் ஒன்று, பின்னர்த் தேவாலயமாக்கப்பட்டு, இன்றும் அங்கு நிற்கிறது. அதனருகே நடக்கும் தொலைவிலேயே யூதர்களின் பழைய தொழுகைக் கூடங்கள் இரண்டு உள்ளன.

இந்நகரின் பெருமை கட்டடங்களோடு முடிவதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மாணவர்கள் அறபு நூல்களைத் தேடி இங்கு வந்தனர். இத்தாலியின் கிரெமோனாவைச் சார்ந்த ஜெரார்டு, தாலமியின் வானியல் நூலைக் கற்கும் விருப்பத்தால் வந்தவர்; 1187இல் இறக்கும்வரை எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை இலத்தீனாக்கினார். இப்னு ஸீனாவின் மருத்துவப் பெருநூல் அவற்றுள் ஒன்று. அறபு அறிந்த ஒருவர் நாட்டு மொழியில் வாய்விட்டுச் சொல்ல, மற்றொருவர் அதனை இலத்தீனில் எழுதுவதும் அக்கால முறைகளுள் ஒன்றாக இருந்தது. இருவர் சேர்ந்தே ஒரு நூலைக் கரையேற்றினர்.

நம் நாட்டவர்க்குத் தனி மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் உண்டு. வடமொழிப் பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகத்தின் பழைய மொழியாகிய பஹ்லவிக்குச் சென்றன. அதிலிருந்து எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்பார் அவற்றை 'கலீலா வ திம்னா' என அறபாக்கினார். அவ்வறபு நூல் 1251இல் இளவரசர் அல்ஃபோன்சோவின் ஆதரவில் ஸ்பானிய மொழிக்கு வந்தது. இந்தியக் காட்டில் பேசத் தொடங்கிய நரிகள் இரண்டு, அறபு வழியே நடந்து ஸ்பானிய உரைநடையின் வாயிலைத் திறந்தன எனலாம்.

ஸ்பானிய இலக்கியத்தின் சிகரமாகிய 'தோன் கிஹோத்தே' நாவலின் முதற்பகுதி 1605இல் வெளிவந்தது. கதையின் நடுவே, கைப்பிரதி முடிந்துவிட்டதாகக் கூறும் ஆசிரியர் செர்வாந்தெஸ், தொலேதோவின் கடைத்தெருவில் பழைய தாள்களிடையே அறபு ஏடு ஒன்றைக் கண்டதாகவும், மோரிஸ்கோ ஒருவரைக் கொண்டு அதனை மொழிபெயர்த்ததாகவும் எழுதுகிறார். கதையின் மூலாசிரியர் சீதி ஹமேத்தே என்னும் அறபு வரலாற்றாசிரியராம். இது கற்பனையே. எனினும், 1575 முதல் 1580 வரை அல்ஜீரியாவில் சிறைப்பட்டிருந்த ஒருவர் தம் தலைசிறந்த படைப்பிற்கு அறபு மூலம் கற்பித்துக்கொண்டது எளிதிற் கடந்துபோகத் தக்கதன்று. மோரிஸ்கோ என்பது கட்டாயத்தால் மதம் மாறிய முஸ்லிம்களுக்கும் அவர்தம் வழியினருக்கும் வழங்கிய பெயர். அவர்களைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

கொர்தோபா: தூண்களின் சோலை

மத்ரீதிலிருந்து தெற்கே அதிவேக இரயிலில் இரண்டு மணி நேரத்திற்குள் கொர்தோபாவை அடையலாம். அறபு வரலாறுகள் குர்துபா எனக் குறிப்பது இந்நகரையே. இதன் பெரிய பள்ளிவாசல் 785இல் தொடங்கப்பெற்று, நான்கு கட்டங்களாக வளர்ந்து, பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் முழுமை எய்தியது. எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தூண்கள் உள்ளே நிற்கின்றன.

இக்கட்டடக் கலையின் நுட்பம் அறியத்தக்கது. தொடக்கத்தில் பயன்படுத்திய தூண்கள் பழைய ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அவை உயரம் குறைந்தவை. பெரிய கூடத்திற்கு உயர்ந்த கூரை வேண்டும். எனவே ஒவ்வொரு தூணின்மேலும் ஒரு கற்காலை நிறுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளைவுகளை அமைத்தனர். கீழ்வளைவு தூண்கள் சாயாவண்ணம் பிணைக்கிறது. மேல்வளைவு கூரையைத் தாங்குகிறது. செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி வரும் அவ்வளைவுகளின் அழகு, ஒரு குறையை நிறைவாக்க முயன்றபோது பிறந்த அழகு. இரண்டாம் ஹக்கம் எழுப்பிய மிஹ்ராபின் பொன்வண்ணப் பதிகற்களோ பைஸாந்தியக் கிறித்தவப் பேரரசரிடமிருந்து வந்தவை என வரலாறு கூறும்.

1236இல் இப்பள்ளிவாசல் பேராலயமாக்கப்பட்டது. 1523இல் அதன் நடுவே தூண்களைப் பெயர்த்துவிட்டு உயர்ந்த ஆலயம் ஒன்றைக் கட்டத் திருச்சபையினர் முற்பட்டபோது, அந்நகர மன்றமே அதனைக் கடுமையாக எதிர்த்தது. எதிர்த்தவர்கள் கிறித்தவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. பேரரசர் கார்லோஸ் இசைவளித்தார். பின்னர் நேரில் கண்டு வருந்தினார் என்றொரு செய்தியும் வழங்கி வருகிறது. இன்று அவ்விடம் திருச்சபையின் பொறுப்பில் உள்ளது. ஆங்கு முஸ்லிம்கள் தொழுவதற்கு அனுமதி இல்லை. கவிஞர் இக்பால் 1933இல் இங்கு வந்து சென்று, அவ்வுணர்வைத் தம் உருதுக் கவிதையொன்றில் நிலைபெறச் செய்தார்.

நகரின் மேற்கே எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் மதீனத்துஸ் ஸஹ்ராவின் இடிபாடுகள் உள்ளன. மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய அவ்வரண்மனை நகரம் நூறாண்டுகூட வாழவில்லை. அதனை அழித்தது வெளிப்பகைவர் படையன்று. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூண்ட உள்நாட்டுப் போரே.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்க செய்திகள் வேறும் உள. இரண்டாம் ஹக்கம் திரட்டிய நூலகத்தில் நான்கு இலட்சம் நூல்கள் இருந்ததாகப் பழைய ஆசிரியர் கூறுவர். எண்ணிக்கை மிகையாகலாம், பெருமை மிகையன்று. ஆனால் 976இல் அவர் மறைந்தபின் அதிகாரம் செலுத்திய அல்மன்ஸூர், பழமைவாதிகளின் ஆதரவை வேண்டி, அந்நூலகத்தின் தத்துவ, வானியல் நூல்களை எரித்தார். இந்நகரில் 1126இல் பிறந்த மாமேதை இப்னு ருஷ்த், 1195இல் தம் அரசராலேயே நகரைவிட்டு வெளியேற்றப்பட்டார். அவருடைய தத்துவ நூல்களும் தீக்கிரையாயின. இந்நகரிலேயே பிறந்த யூத அறிஞர் மைமோனிதஸின் குடும்பம் முவஹ்ஹிதூன் ஆட்சியின் நெருக்கடியால் ஊரைவிட்டு வெளியேறியது. இன்று இவ்விரு அறிஞர்க்கும் கொர்தோபா சிலை எடுத்துள்ளது.

இப்னு ருஷ்த் 1198இல் மராகேஷில் காலமானார். பின்னர் அவருடல் கொர்தோபாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. சுமைவிலங்கின் ஒரு பக்கம் அவருடலும், அதற்கு ஈடாக மறுபக்கம் அவர் எழுதிய நூல்களும் ஏற்றப்பட்டதை நேரிற்கண்ட இப்னு அரபி எழுதிவைத்துள்ளார். ஓர் அறிஞரின் எடைக்கு எடை நின்றவை அவர்தம் நூல்கள்!

செவில்: வென்றவரும் விரும்பிய கலை

செவில் நகரின் ஹிரால்தா கோபுரம் 1184இல் தொடங்கி 1198இல் முடிக்கப்பெற்ற மினாரா ஆகும். அதனுள் மேலேறுவதற்குப் பெரும்பகுதியும் படிகள் இல்லை. முப்பத்தைந்து சாய்தளங்கள் உள்ளன. பாங்கு சொல்பவர் குதிரைமீதமர்ந்தே ஏறும் வண்ணம் அமைந்தது அது என்பர். பதினாறாம் நூற்றாண்டில் அதன் உச்சியில் மணிக்கூண்டு சேர்க்கப்பட்டது. கீழே மினாரா, மேலே மணிக்கூண்டு என ஒரே கோபுரத்தில் இரு காலமும் நிற்கின்றன.

அதனருகில் உள்ள அல்காசர் அரண்மனை பலரையும் வியக்கச் செய்வது. 1364இல் கிறித்தவ அரசர் பெத்ரோ எழுப்பிய அம்மாளிகையின் முகப்பில், 'அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை' என்னும் கிரனாடா அரசரின் வாசகம் கூஃபி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. கிரனாடாவிலிருந்து வந்த முஸ்லிம் கலைஞரும் அப்பணியில் ஈடுபட்டனர். கிறித்தவ ஆட்சியில் வாழ்ந்த முஸ்லிம்களின் கைவண்ணத்தால் வளர்ந்த இப்பாணியை 'முதேஹர்' என்பர்.

இவ்வூர்ப் பேராலயத்தில் மூன்றாம் ஃபெர்னாந்தோவின் கல்லறை உள்ளது. கொர்தோபாவையும் செவிலையும் முஸ்லிம்களிடமிருந்து கைப்பற்றிய அரசர் அவர். அவர்தம் கல்லறை வாசகமோ இலத்தீன், ஸ்பானியம், எபிரேயம், அறபு ஆகிய நான்கு மொழிகளில் அமைந்தது. போர்க்களத்தில் எதிர்த்த மொழியைப் புகழுரைக்கு ஏற்கும் பெருந்தன்மை பதின்மூன்றாம் நூற்றாண்டில் இருந்தது. அப்பெருந்தன்மை பின்னர் எங்ஙனம் மறைந்தது என்பதைக் கிரனாடா சொல்லும்.

கிரனாடா: நீரின் கவிதையும் முறிந்த வாக்கும்

அல்ஹம்ரா, 'செந்நிறத்தது' எனப் பொருள்படும் கோட்டை அரண்மனை. 1238இல் கிரனாடாவில் அரசமைத்த நஸ்ரி மரபினர் இதனைப் படிப்படியாகக் கட்டினர். ஐந்தாம் முஹம்மது எழுப்பிய சிங்க முற்றத்தில் நூற்றிருபத்து நான்கு மெல்லிய தூண்களும், நடுவே பன்னிரு சிங்கங்கள் சுமக்கும் நீரூற்றும் உள்ளன. அவ்வூற்றின் விளிம்பில் இப்னு ஸம்ரக் என்னும் அமைச்சர் பாடிய அறபுப் பாடல் செதுக்கப்பட்டுள்ளது. சுவர்களெங்கும் கவிதைகள்! ஏட்டைப் புரட்டுவதுபோல் அறைக்கு அறை நடந்து படிக்கத்தக்க அரண்மனை இது. அறபு கற்ற மாணவர்க்கு இப்பயணம் இரட்டைப் பயன் தரும்.

குன்றின்மேல் அமைந்த இவ்வரண்மனைக்கு நீர் எவ்வாறு வந்தது? தாரோ ஆற்றின் மேற்பகுதியில், அரண்மனையினும் உயர்ந்த இடத்தில் அணைகட்டி, மலைச்சரிவை ஒட்டி ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினர். சரிவு மிகாமலும் தேங்காமலும் நீர் தானே நடந்து வந்தது. தோட்டத்திற்கும் குளியலறைக்கும் ஒளுச் செய்யும் ஹவுளுக்கும் அது பயன்பட்டது. அழகுக்கு அடியில் அளவறிந்த உழைப்பு இருந்தமை காண்க.

இனி, முறிந்த வாக்கினைக் காண்போம். 1491 நவம்பரில் கையெழுத்தான உடன்படிக்கை, முஸ்லிம்கள் தம் சமயத்தையும் பள்ளிவாசல்களையும் வழக்காறுகளையும் காத்துக்கொள்ளலாம் என உறுதியளித்தது. எட்டே ஆண்டுகளில், 1499இல், கர்தினால் சிஸ்னெரோஸ் கட்டாய மதமாற்றத்தைத் தொடங்கினார். அறபு நூல்கள் நகரில் குவித்து எரிக்கப்பட்டன. யூதர்கள் அதற்கு முன்னரே, 1492இல், நாடு கடத்தப்பட்டனர். 1567இல் வெளியான அரசாணை அறபு பேசுவதையும் எழுதுவதையும், அவர்தம் உடையையும் பெயர்களையும் குளிப்பிடங்களையும் தடைசெய்தது. மூன்றாண்டுகளுக்குள் ஸ்பானியம் கற்க வேண்டும் என்பது விதி.

அப்போது ஃபிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலே என்னும் மோரிஸ்கோ முதியவர் அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். கிழக்கு நாடுகளின் கிறித்தவர்களும் மால்டாவின் கிறித்தவர்களும் அறபே பேசுகின்றனர். ஆதலின் அம்மொழி சமயத்திற்கு மாறானதன்று. உடை அந்தந்த நாட்டின் வழக்கமேயன்றி நம்பிக்கையின் அடையாளமன்று என்பது அவர் வாதம். மொழி வேறு, சமயம் வேறு என்னும் அவ்வெளிய உண்மையை அதிகாரம் செவிமடுக்கவில்லை. 1568இல் அல்புஹாரா மலைகளில் கிளர்ச்சி மூண்டு 1571வரை நீடித்தது. இறுதியாக 1609 முதல் 1614 வரை மோரிஸ்கோக்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர். செர்வாந்தெஸ் 1615இல் வெளியிட்ட இரண்டாம் பகுதியில், வெளியேற்றப்பட்டும் மறைந்து திரும்பிவரும் ரிகோத்தே என்னும் மோரிஸ்கோவைப் படைத்துக் காட்டினார். வரலாறு எண்ணிச் சொன்னதை இலக்கியம் ஒருவன் முகத்தில் காட்டிற்று.

அல்ஹம்ராவுக்கு எதிரே உள்ள அல்பைசின் பகுதியில் 2003இல் புதிய பள்ளிவாசல் ஒன்று திறக்கப்பட்டது. அதன் தோட்டத்திலிருந்து நோக்கினால் எதிர்க்குன்றில் அல்ஹம்ரா முழுமையாகத் தெரியும். அருகிலுள்ள சாக்ரோமோந்தே குகை வீடுகளில் ஹித்தானோ மக்களின் ஃபிளமெங்கோ இசையைக் கேட்கலாம். இம்மக்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து புறப்பட்டோர் என்பது மொழியியலார் நிறுவிய உண்மை.

வலென்சியா: வியாழக்கிழமை நீதிமன்றம்

கிழக்குக் கடற்கரை நகரமாகிய வலென்சியாவில், வியாழக்கிழமைதோறும் நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் பேராலய வாயிலின் முன் எட்டுப் பேர் கருநிற மேலங்கியணிந்து வட்டமாக அமர்வர். அவர்கள் சட்டம் பயின்ற நீதிபதிகள் அல்லர். எட்டு வாய்க்கால்களின் பாசனத்தார் தேர்ந்தெடுத்த உழவர்கள். நீரைத் திருடியவன், மடையை முறையின்றித் திறந்தவன், வாய்க்காலைத் தூர்வாராதவன் ஆகியோர்மீதான வழக்குகள் அங்கு வாய்மொழியாகவே விசாரிக்கப்படும். குற்றம் சாட்டப்பட்டவன் எவ்வாய்க்காலைச் சார்ந்தவனோ, அவ்வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பு முடிவில் கலந்துகொள்வதில்லை. பல வியாழக்கிழமைகளில் வழக்கே இராது. அப்போதும் மன்றம் கூடிக் கலையும்.

இதன் தோற்றத்தை முஸ்லிம் ஆட்சிக் காலத்தோடு மரபு இணைக்கிறது. 2009இல் யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. அரண்மனைகளை அரசர் கட்டினர். இம்மன்றத்தைக் காத்தவர் எளிய உழவர். சமயமும் ஆட்சியும் மாறிய பின்னரும், நீரைப் பங்கிடும் அறம் மாறவில்லை. பயனுள்ள நல்வழக்கம் பகைமையையும் கடந்து வாழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சொல்லில் வாழும் உறவு

மக்களை வெளியேற்றலாம்; அவர் விட்டுச்சென்ற சொற்களை வெளியேற்ற இயலாது. ஸ்பானிய மொழியில் கிளைச்சொற்களும் இடப்பெயர்களும் உட்பட ஏறத்தாழ நாலாயிரம் சொற்கள் அறபு மூலத்தன எனக் கணக்கிடுவர். வாய்க்கால் 'அசேக்கியா' (அஸ்ஸாக்கியா). எண்ணெய் 'அசேத்தே' (அஸ்ஸைத்). பருத்தி 'அல்கொதோன்' (அல்குத்ன்). நகரத் தலைவர் 'அல்கால்தே' (அல்காழி). தலையணை 'அல்மொஹாதா' (அல்மிஃகத்தா). குவாதல்கிவிர் ஆறு 'அல்வாதில் கபீர்', அதாவது பேராறு. நற்செயல் நிகழ வேண்டும் என விழையும்போது ஸ்பானியர் 'ஓஹலா' என்பர். இறைநாட்டத்தைக் குறிக்கும் அறபுத் தொடர் அதனுள் ஒளிந்துள்ளது.

சில சொற்கள் நம் வாயிலிருந்தும் புறப்பட்டவை போல் தோன்றும். 'அசூக்கர்' என்னும் சொல் அறபு 'ஸுக்கர்' வழியே வடமொழிச் 'சர்க்கரா'வைச் சென்றடையும். நம் சர்க்கரையும் அதன் உறவே. ஆரஞ்சைக் குறிக்கும் 'நராங்ஹா' அறபு, பாரசீகம் வழியே வடமொழி 'நாரங்க'த்தை அடையும். அதன் வேர் திராவிடம் எனக் கருதும் ஆய்வாளர் உளர். நாரத்தையை ஈண்டு நினைக்கலாம். ஆயினும் அரிசியைக் குறிக்கும் 'அர்ரோஸ்' அறபு 'அர்ருஸ்'ஸிலிருந்து வந்தது என்றளவில் நிற்பதே முறை. ஒலியொப்புமை ஒன்றைக் கொண்டே தமிழ் அரிசியோடு முடிச்சிடுதல் ஆய்வாகாது. வக்கீல், வசூல், பாக்கி, ஜில்லா எனத் தமிழிலும் அறபுச் சொற்கள் கலந்து வழங்குவதை எண்ணின், இரு மொழிகளும் ஒரே வணிகனிடம் சரக்கு வாங்கிய அண்டை வீட்டார் போல்வன என்பது விளங்கும்.

இவற்றினும் நெருங்கிய ஒப்புமை ஒன்று உண்டு. அறபு பேசும் ஆற்றலைப் படிப்படியாக இழந்த ஸ்பானிய முஸ்லிம்கள், தம் ஸ்பானிய மொழியை அறபு எழுத்தில் எழுதினர். இதனை 'அல்ஹமியாதோ' என்பர். தொழுகை முறைகள், துஆக்கள், நபிமார் வரலாறுகள் ஆகியன அவ்வாறு எழுதப்பட்டன. யூசுஃப் நபியின் வரலாற்றைப் பாடும் செய்யுள் நூல் அவற்றுள் புகழ்பெற்றது. இதனைப் படிக்கும் தமிழ் மாணவர்க்கு அறபுத்தமிழ் நினைவுக்கு வராமற் போகாது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அவ்வெழுத்தில் மார்க்க நூல்களை யாத்தனர். யூசுஃப் நபியின் கதையோ தமிழிலும் சாரண பாஸ்கரனால் காப்பியமாயிற்று. எழுத்து ஒன்று, மொழிகள் இரண்டு, நோக்கம் ஒன்று. வேறுபாடும் உண்டு. நம் முன்னோர் அறபுத்தமிழை அச்சமின்றி எழுதி, கற்பித்து, அச்சிட்டும் வழங்கினர். அவர்களோ உயிருக்கு அஞ்சி எழுதி ஒளித்தனர்.

செல்வோர் கவனத்திற்கு

கோடையில் தென் ஸ்பெயினின் வெப்பம் நாற்பது பாகையைத் தொடும். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் ஏற்றவை. அல்ஹம்ராவின் நஸ்ரி அரண்மனைக்குள் குறித்த நேரத்திலேயே அனுமதிப்பர். நாள்தோறும் வருவோர்க்கு வரம்பும் உண்டு. ஆதலின் பல வாரங்களுக்கு முன்பே சீட்டுப் பதிவு செய்து, கடவுச்சீட்டைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். மதிய உணவு இரண்டு மணிக்குப் பின்னரும் இரவு உணவு ஒன்பது மணிக்குப் பின்னரும் கிடைக்கும். உணவில் கருத்துள்ளோர் 'செர்தோ' (பன்றியிறைச்சி), 'ஹமோன்' (உப்பிட்ட பன்றித்தொடை), 'மந்தேக்கா' (பன்றிக் கொழுப்பு) என்னும் சொற்களை அறிந்திருத்தல் நலம். இனிப்புப் பண்டங்கள் சிலவற்றிலும் அக்கொழுப்பு சேர்வதுண்டு. கிரனாடாவின் அல்பைசின் பகுதியிலும் மத்ரீதின் லவாப்பியெஸ் பகுதியிலும் ஹலால் உணவகங்கள் உள்ளன.

கொர்தோபா பேராலயத்தில் தொழ முயன்று காவலரோடு வாதிடுதல் பண்பாகாது. விருந்தினர் இல்லத்தாரின் ஒழுங்கை மதித்தல் நம் மார்க்கம் கற்பித்த ஒழுக்கமே. இருவகை மனநிலையை விட்டுச் செல்லுதல் வேண்டும். 'எல்லாம் நாம் தந்தது' என்னும் பெருமிதம் ஒன்று. 'எல்லாம் போயிற்று' என்னும் புலம்பல் மற்றொன்று. முன்னது பைஸாந்தியப் பதிகற்களையும் ரோமானியத் தூண்களையும் மறக்கிறது. பின்னது வியாழன்தோறும் கூடும் உழவர் மன்றத்தைக் காணத் தவறுகிறது.

முடிவுரை

1884ஆம் ஆண்டு. ஸரகோஸா மாநிலத்தின் அல்மொனாசித் என்னும் சிற்றூரில் பழைய வீடொன்றை இடித்துக்கொண்டிருந்தனர். தளத்தின் அடியில் பொய்த்தளம் ஒன்று தென்பட்டது. அதனுள் அறபு எழுத்தில் எழுதப்பட்ட ஏடுகள் குவிந்து கிடந்தன. நாடு கடத்தப்படுமுன் மோரிஸ்கோக்கள் ஒளித்துச் சென்றவை அவை. இன்னதென அறியாதார் கையில் சில ஏடுகள் சிதைந்தன. அறிஞர் எஞ்சியவற்றை மீட்டனர். அவற்றுட் பல இன்று மத்ரீதின் ஆய்வு நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு, ஸ்பானிய மாணவர்களால் ஆராயப்படுகின்றன. திரும்பி வருவோம் என்னும் நம்பிக்கையில் ஒளித்தவர் திரும்பவில்லை. அவர் எழுத்து, இருநூற்றெழுபது ஆண்டுகள் காத்திருந்து, எவர் வெளியேற்றினாரோ அவர்தம் வழித்தோன்றல்களின் கைகளிலேயே உயிர் பெற்றது.

மாணவ நண்பர்களே! நம் ஊர்களில் எவரும் ஏடுகளைத் தேடி எரிக்க வரவில்லை. ஒளிக்க வேண்டிய அச்சமும் இல்லை. எனினும் பாட்டனாரின் அறபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளும் பாட்டியார் ஓதிய மாலைகளும் பரண்மேல் கறையானுக்கு இரையாகின்றன. பழைய வீட்டை இடிக்கும்போது குப்பையோடு வெளியேறுகின்றன. தீயினால் அழிந்ததற்கு வருந்துவோம். கவனமின்மையால் அழிவதற்கு எவரைக் குறை சொல்வது?

ஸ்பெயினுக்குச் செல்லும் வாய்ப்பு எல்லோர்க்கும் அமையாது. ஆனால் தம் வீட்டுப் பரண்மேல் ஏறும் வாய்ப்பு நம்மில் அனைவர்க்கும் உண்டு. இவ்விடுமுறையில் முதற்பயணம் அங்கு அமையட்டும். கிடைத்த ஏட்டைத் தூசு தட்டி, படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிரனாடாத் தோட்டத்தில் இப்னு ஜுஸய் செய்ததும் அதுவே.